கட்டம் ஒளிர்வதும் எழுத்து ஒளிர்வதும்



ரயில்வே சிக்னல் பிரிவில் முப்பத்தாறு ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். கம்ப்யூட்டர் படிப்பு எதுவும் படித்தவனல்லன். நான் டிப்ளமோ படித்த பாலிடெக்னிக்கில் அந்தக் காலத்தில் கம்ப்யூட்டரைக் கண்ணால் கண்டதில்லை. அப்படியிருக்க இந்தத் தலைப்பில் எழுத வந்த காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் கட்டடத்தில் குடியிருக்கும் ஒரு பெண்ணின் சம்பளத்தில் மாதம் இரண்டாயிரம் ரூபாய் பிடிக்க ஆரம்பித்தார்கள். பில் போடும் திரையில் ஒரு கட்டத்துக்குள் இருந்த எண் எப்படி ஒளிர்ந்தது என்பதுதான் அதற்குக் காரணம் என்பது தேடிப் போன பிறகு தெரிந்தது. நம் வீட்டுப் பிள்ளைகளில் பில் போடுகிறவர்களும் இருக்கிறார்கள், அந்த ப்ரோக்ராமை எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். இருவருக்கும் பயன்படும் என்று எண்ணி இதை எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது உல்லாஸ்நகர் 4ஆம் நம்பர் கேம்ப்பில். இரண்டாம் உலகப் போரின்போது ராணுவ முகாமாக இருந்த இடம் இது. பிரிவினைக்குப் பின் சிந்தி மக்கள் குடியேற்றப்பட்டு, 1949ல் உல்லாஸ்நகர் என்ற பெயர் வந்தது. ராணுவம் போய் எத்தனையோ ஆண்டுகள் ஆகியும் 'கேம்ப்' என்ற சொல் மட்டும் போகவில்லை. இங்கே ஜீன்ஸ் தொழில் பிரசித்தம். ஒருவர் துணி வெட்டுவார், இன்னொருவர் தைப்பார், மூன்றாமவர் பட்டன் வைப்பார். எல்லாம் கூலிக் கணக்கு. உருப்படிக்கு இத்தனை என்று சலானில் எழுதி வரும், அதைப் பார்த்து பில் போட வேண்டும். அந்தப் பெண் அப்படி ஒரு தையல் கூடத்தின் ஆபீசில் பில் போடுகிறவள்.

ஒரு நாள் காலையில் அவளுடைய அம்மா வந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். "அண்ணாச்சி, புள்ள மூணு நாளா சரியா சாப்பிடல. பதினஞ்சாயிரம் நஷ்டம் பண்ணிட்டேன்னு சொல்லுதாவளாம். அவ கண்ணால பாத்துத்தான் தட்டுனேங்கா. நீங்க ஒரு எட்டு போயி என்னன்னு பாருங்க" என்றார்.

விஷயம் இதுதான். ஒரு பார்ட்டிக்கு உருப்படிக்கு 38 ரூபாய் தையல் கூலி. பார்ட்டி பெயரைப் போட்டதும் ரேட் கட்டத்தில் 38 தானாக வந்து நிற்கும். பாக்கெட்டில் கூடுதல் தையல் இருந்தால் 50 பைசா அதிகம், அதாவது 38.50. கூடுதல் தையல் உள்ள சலான் வந்தால் அவள் ரேட் கட்டத்துக்குப் போய் .50 என்று மட்டும் தட்டுவாள். 38க்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு 38.50 ஆகிவிடும். இரண்டு வருஷமாக இதுதான் பழக்கம். அந்த மாதம் பதினொரு சலான்களில், மொத்தம் 412 உருப்படிகளுக்கு, ரேட் 38.50 என்று விழுவதற்குப் பதிலாக வெறும் 50 பைசா என்று விழுந்திருந்தது. உருப்படிக்கு 38 ரூபாய் வீதம் 15,656 ரூபாய் குறைவு. ஒவ்வொரு பில்லிலும் மற்ற வரிகள் சரியாக இருந்ததால் கூட்டுத்தொகை யார் கண்ணையும் உறுத்தவில்லை. பில்கள் போய், பணமும் வந்து, கணக்கு முடிந்த பிறகுதான் தெரிந்தது.

நான் போனபோது முதலாளி மரியாதையாகவே பேசினார். அவர் ஹிந்தியில் சொன்னதைத் தமிழில் தருகிறேன். "இஞ்சினியர் சாஹேப், நான் அவசரப்பட்டுச் சொல்லவில்லை. நானே அதே திரையில் அதே கட்டத்தில் தட்டிப் பார்த்தேன். எனக்கு 38.50 என்றுதான் வருகிறது. நீங்களே பாருங்கள்." மவுஸை எடுத்து 38க்குப் பின்னால் ஒரு க்ளிக் செய்து .50 தட்டினார். 38.5 என்று விழுந்தது. மெஷின் மேல் குற்றமில்லை, பெண் மேல்தான் என்பது அவர் முடிவு.

எங்கள் துறையில் ஒரு கெட்ட வழக்கம் உண்டு. பழுது என்று தகவல் வந்து ஆள் போய்ச் சேர்வதற்குள் சிக்னல் தானாகச் சரியாகியிருக்கும். 'போய்ப் பார்த்தபோது சரியாக இருந்தது' என்று ரிஜிஸ்டரில் எழுதிவிட்டு வந்துவிடுவார்கள். அது பழுதைத் தீர்ப்பதாகாது. பழுது எந்த நிலையில் வந்ததோ அதே நிலையை மறுபடி உண்டாக்கிப் பார்க்க வேண்டும். நான் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு, "நீ எப்பவும் எப்படிப் போடுவியோ அப்படியே போடும்மா, என்னைப் பார்க்காதே" என்றேன். அவள் மவுஸைத் தொடவே இல்லை. சலானைப் பார்த்தபடி என்டர், என்டர் என்று கட்டம் கட்டமாகத் தாண்டி ரேட்டுக்கு வந்து .50 தட்டி மறுபடி என்டர் அடித்தாள். திரையில் 0.5 என்று நின்றது. முதலாளி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

மூலையில் துணி போட்டு மூடிய பழைய கம்ப்யூட்டர் ஒன்று இருந்தது. முந்தின மாதம்தான் புதியது வாங்கி, பில் ஃபைலை அப்படியே அதில் காப்பி செய்திருக்கிறார்கள். பழையதை மூடியிருந்த துணியை எடுத்து, அதே பெண், அதே சலான், அதே கீகள். 38.5 வந்தது.

இனி பாடத்துக்கு வருவோம்.

'ஹைலைட்' என்ற ஒரே சொல்லை நாம் இரண்டு வெவ்வேறு விஷயங்களுக்குப் பயன்படுத்துகிறோம். ஒன்று, பல கட்டங்களில் இப்போது எந்தக் கட்டம் உயிரோடு இருக்கிறது என்று காட்டுவது. கட்டத்தைச் சுற்றி ஒரு கோடு, அல்லது பின்னணி மஞ்சளாக மாறுவது. இது 'எங்கே' என்ற கேள்விக்குப் பதில். இரண்டாவது, அந்தக் கட்டத்துக்குள் உள்ள எழுத்துகள் நீலத்திலோ கறுப்பிலோ மூழ்கித் தெரிவது, அதாவது செலக்ட் ஆகியிருப்பது. 'அடுத்த கீயைத் தட்டினால் என்ன நடக்கும்' என்பதற்கு இது பதில். செலக்ட் ஆன எழுத்தின் மேல் எதைத் தட்டினாலும் பழையது முழுவதும் அழிந்து புதியது உட்காரும். முதல் வகை ஹைலைட் வெறும் அடையாளம். இரண்டாவது வகை, தூக்கிய கத்தி.

ஒரு கட்டத்தில் 38 இருக்கிறது. நாம் 52 என்று இரண்டு கீ தட்டுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கட்டத்துக்குள் நுழையும்போது முழு எண்ணும் செலக்ட் ஆகியிருந்தால் விடை 52. கர்சர் எண்ணுக்கு முன்னால் நின்றால் 5238. பின்னால் நின்றால் 3852. தட்டியது ஒன்றே, ஆனால் விடை மூன்று. மூன்றில் எது சரி என்று பொதுவாகச் சொல்ல முடியாது. எண்ணிக்கைக் கட்டத்தில் பெரும்பாலும் பழையதை நீக்கிப் புதியதைப் போடுவோம், அங்கே செலக்ட் ஆவதே வசதி. விலாசம், குறிப்பு போன்ற நீளமான கட்டங்களில் கடைசியில் ஒரு சொல் சேர்ப்போம், அங்கே முழுதும் செலக்ட் ஆனால் ஒரு கீயில் நாலு வரி போய்விடும்.

அந்த ஆபீசின் ப்ரோக்ராம் மைக்ரோசாஃப்ட் ஆக்சஸில் எழுதியது. ஆக்சஸில் இந்த மூன்றையும் தேர்ந்துகொள்ள இடம் இருக்கிறது. ஃபைல் மெனுவில் ஆப்ஷன்ஸ், அதில் க்ளையன்ட் செட்டிங்ஸ், அதில் 'பிஹேவியர் என்டரிங் ஃபீல்ட்'. அதன் கீழே 'செலக்ட் என்டையர் ஃபீல்ட்', 'கோ டு ஸ்டார்ட் ஆஃப் ஃபீல்ட்', 'கோ டு எண்ட் ஆஃப் ஃபீல்ட்' என்று மூன்று வட்டங்கள். புதிதாக வரும் ஆக்சஸில் முதலாவதுதான் தேர்ந்திருக்கும். பழைய கம்ப்யூட்டரில் எப்போதோ யாரோ மூன்றாவதை வைத்திருக்கிறார்கள். இதில் இரண்டு நுணுக்கங்கள் உண்டு. இந்த அமைப்பு பில் ஃபைலுக்குள் இருப்பதில்லை, அந்தக் கம்ப்யூட்டரில் இருக்கிறது. ஆகவே ஃபைலைக் காப்பி செய்தால் பில்கள் வரும், ரேட் வரும், பழக்கம் வராது. மேலும், இது என்டர், டேப், அம்புக் கீகளால் கட்டத்துக்குள் நுழையும்போது மட்டுமே பொருந்தும். மவுஸால் க்ளிக் செய்தால் க்ளிக் செய்த இடத்தில் கர்சர் நிற்கும். முதலாளிக்குச் சரியாக வந்ததன் ரகசியம் அதுதான். அவர் சோதித்தது வேறு வாசல், பெண் நுழைந்தது வேறு வாசல்.

ஆக்சஸில் ஒரு கட்டத்தில் தவறாகத் தட்டிவிட்டால் எஸ்கேப் கீ ஒரு முறை அடித்தால் அந்தக் கட்டம் பழையபடி ஆகும், இரண்டு முறை அடித்தால் அந்த ரெக்கார்டு முழுவதும் பழையபடி ஆகும். ஆனால் அடுத்த ரெக்கார்டுக்குப் போய்விட்டால் கேட்காமலே சேமித்துவிடும். 'சேமிக்கவா' என்று கேட்கும் என்று காத்திருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இந்த ஹைலைட் எங்கிருந்து வந்தது என்று பார்க்கலாம். எண்பதுகளின் பிற்பகுதியில் பம்பாயில் ரிசர்வேஷன் கவுன்டர்களுக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது நான் இளைஞன். அதற்கு முன் 1985-86ல் டில்லியில் தொடங்கியது அது. 1986ல் ரயில்வேக்கென்றே கிரிஸ் என்ற கம்ப்யூட்டர் நிறுவனமும் ஏற்பட்டது. டெர்மினல்களுக்குப் போகும் லைன்களைப் பார்த்துக்கொள்வது எங்கள் டெலிகாம் சகாக்களின் வேலை, அவர்களோடு நானும் போவேன். அன்றைய டெர்மினலில் வர்ணம் கிடையாது. கறுப்புத் திரை, பச்சை அல்லது ஆரஞ்சு எழுத்து. ஒன்றைத் தனித்துக் காட்ட வேண்டுமானால் நாலே வழிதான்: எழுத்தைப் பிரகாசமாக்கு, கீழே கோடு போடு, மினுக்கு, அல்லது எழுத்தையும் பின்னணியையும் இடம் மாற்று. கடைசியாகச் சொன்னதற்கு ரிவர்ஸ் வீடியோ என்று பெயர். டிஜிட்டல் கம்பெனி 1978ல் கொண்டுவந்த விடி-100 டெர்மினலில் இந்த நான்குக்கும் எண்கள் உண்டு. 1 பிரகாசம், 4 அடிக்கோடு, 5 மினுக்கல், 7 ரிவர்ஸ், 0 போட்டால் எல்லாம் நீங்கும். இன்றைக்கும் லினக்ஸ் கறுப்புத் திரையில் இதே எண்கள்தான் வேலை செய்கின்றன.

அதற்கும் முன்னால், 1971ல் ஐ.பி.எம். கொண்டுவந்த 3270 டெர்மினலைப் பற்றிப் படித்தபோது எனக்கு மரியாதை வந்தது. அதில் ஒவ்வொரு கட்டத்துக்கும் முன்னால், திரையில் ஓர் எழுத்தின் இடத்தை எடுத்துக்கொண்டு, கண்ணுக்குத் தெரியாத குறி ஒன்று நிற்கும். இந்தக் கட்டத்தில் தட்டலாமா கூடாதா, எண் மட்டுமா, பிரகாசமா சாதாரணமா அல்லது பாஸ்வேர்டு போலக் காட்டவே கூடாதா என்பதெல்லாம் அந்தக் குறியிலேயே அடங்கியிருக்கும். ஒளிர்வதும் காப்பதும் ஒரே இடத்தில் வைக்கப்பட்டிருந்தன. பின்னால் வந்தவர்கள் இதைப் பிரித்துவிட்டார்கள்: ஒளிர்வது அலங்காரம் பார்க்கிறவர் பக்கம் போயிற்று, காப்பது ப்ரோக்ராமர் பக்கம் போயிற்று.

தொண்ணூறுகளில் நம்மவர்கள் பலர் தாதரிலும் தாணேயிலும் கற்றுக்கொண்ட டிபேஸ், க்ளிப்பர், ஃபாக்ஸ்ப்ரோ நினைவிருக்கும். க்ளிப்பரில் வர்ணம் சொல்லும்போது, நிற்கும் கட்டத்துக்கு ஒரு வர்ணம், மற்றக் கட்டங்களுக்கு இன்னொரு வர்ணம் என்று தனித்தனியே சொல்ல வழி இருந்தது. நல்ல ஏற்பாடு. ஆனால் எழுத்துக் கட்டத்தில் கர்சர் முதல் எழுத்தில் போய் நின்று, தட்டத் தட்ட மேலெழுதும். ஆங்கில எழுத்தில் சுப்பிரமணியன் என்று இருக்கும் கட்டத்தில் ராமன் என்று ஐந்தெழுத்துத் தட்டி என்டர் அடித்தால், முதல் ஐந்து எழுத்து போய், மிச்சம் வாலாக நிற்கும். 'ராமன்மணியன்' என்று ஒருவர் பிறந்துவிடுவார். அப்படிப் பிறந்தவர்கள் அந்தக் கால வவுச்சர்களில் ஏராளம். அதைத் தவிர்க்க 'அட் கே' என்று ஒரு குறி இருந்தது. அதைப் போட்டால் முதல் கீ தட்டியவுடன் பழையது முழுவதும் அழியும். 'செட் கன்ஃபர்ம்' என்ற கட்டளையும் முக்கியமானது. அது ஆஃபில் இருந்தால் கட்டம் நிரம்பியவுடன் கர்சர் தானாக அடுத்த கட்டத்துக்குத் தாவும், ஆனில் இருந்தால் என்டர் அடிக்கும்வரை நகராது. தாவுகிற திரையில் பழகியவரை நகராத திரையில் உட்கார வைத்தால் கொஞ்சம் தடுமாறுவார், அவ்வளவுதான். நகராத திரையில் பழகியவரைத் தாவுகிற திரையில் உட்கார வைத்தால், அவர் பழக்கத்தில் அடிக்கும் என்டர் ஒரு கட்டத்தைக் காலியாகத் தாண்டிவிடும்.

செலக்ட் ஆன எழுத்தின் மேல் தட்டினால் பழையது போய்விடும் என்ற ஏற்பாட்டின் மூலம் 1970களின் நடுவில் அமெரிக்காவில் ஜெராக்ஸ் ஆராய்ச்சிக் கூடத்தில் இருக்கிறது. 2020ல் காலமான லாரி டெஸ்லர் அங்கே டிம் மாட் என்பவரோடு சேர்ந்து எழுதிய ஜிப்ஸி என்ற எடிட்டரில் அது வந்தது. கட் - பேஸ்ட்டும் அவர் கைவண்ணம்தான். அவர் நினைத்தது, ஒருவர் மவுஸால் தானே தேர்ந்தெடுத்த சொல்லை மாற்றுவதை. தானே தேர்ந்தெடுத்தவனுக்கு எது அழியும் என்று தெரியும். மனிதர் எதையும் தேர்ந்தெடுக்காதபோது, கட்டத்துக்குள் நுழைந்ததற்காகவே கம்ப்யூட்டர் தானாகத் தேர்ந்து வைப்பது வேறு விஷயம். என் அபிப்பிராயத்தில் ஆபத்து இந்த இடத்தில்தான் புகுந்தது.

சரி, பெண் ஏன் பார்க்கவில்லை என்று முதலாளி கேட்டார். நியாயமான கேள்வி. திரையில் 38 செலக்ட் ஆகி ஒளிர்ந்திருக்கிறது, பிறகு 0.5 என்றும் தெரிந்திருக்கிறது. ஆனால் ஒரு நாளில் நூறு சலான் போடுகிறவள் சலானைத்தான் பார்ப்பாள், திரையைப் பார்க்க மாட்டாள். வேலையில் தேர்ச்சி என்பதே அதுதான். புதிதாக வந்தவள் என்றால் திரையைப் பார்த்துக்கொண்டே தட்டியிருப்பாள், முதல் சலானிலேயே பிடித்திருப்பாள். கைதேர்ந்தவள் என்பதால்தான் பதினொன்றிலும் தவறினாள். முதலாளியிடம் இதைப் புரியவைக்க எனக்குப் பனிமூட்டம் கைகொடுத்தது. வடக்கே குளிர்காலத்தில் சிக்னல் கண்ணுக்குத் தெரியாதபோது, அதற்கு முன்னால் தண்டவாளத்தின் மேல் பட்டாசு கட்டி வைப்பார்கள். எஞ்சின் ஏறியதும் வெடிக்கும். டிரைவர் கண்ணால் பார்க்க முடியாததைக் காதால் அறிவார். 'சிக்னல் எரிந்துகொண்டுதானே இருந்தது, நீ ஏன் பார்க்கவில்லை' என்று கேட்டுவிட்டு ரயில்வே சும்மா இருப்பதில்லை. ஹைலைட் என்பது திரையைப் பார்க்கிறவருக்கு மட்டும் சிக்னல். பார்க்காதவருக்குப் பட்டாசு வைக்க வேண்டும்.

அந்த ஆபீசில் செய்ததைச் சொல்கிறேன். பட்டாசை முதலில் வைத்தோம். ஆக்சஸில் ஒவ்வொரு கட்டத்துக்கும் 'வேலிடேஷன் ரூல்' என்று ஓர் இடம் உண்டு. ரேட் 10க்குக் குறைந்தால் ஏற்காதே என்று எழுதி, அதன் பக்கத்தில் வரவேண்டிய எச்சரிக்கையையும் எழுதினேன். இப்போது .50 மட்டும் விழுந்தால் செய்தி வந்து மறித்துக்கொண்டு நிற்கும், அடுத்த கட்டத்துக்கு விடாது. இந்த ஒன்று இருந்திருந்தால் பதினைந்தாயிரம் போயிருக்காது.

அடுத்தது நிற்கும் கட்டத்தின் நிறம். 'கண்டிஷனல் ஃபார்மேட்டிங்' என்பதில் 'ஃபீல்ட் ஹாஸ் ஃபோகஸ்' என்று ஒரு தேர்வு இருக்கிறது. அதைத் தேர்ந்து பின்னணி நிறம் கொடுத்தால், கர்சர் இருக்கும் கட்டம் மட்டும் அந்த நிறத்தில் தெரியும், விட்டு நகர்ந்ததும் பழையபடி ஆகும். ஒரு வரி ப்ரோக்ராம் எழுத வேண்டியதில்லை. முதலாளி சிவப்பு வேண்டும் என்றார். நான் ஒப்பவில்லை. சிவப்பு என்றால் தவறு என்று பொருள்பட வேண்டும், வேலை நடக்கும் கட்டம் சிவப்பாக இருந்தால் தவறு நேரும்போது காட்ட நிறம் இல்லாமல் போகும். எங்கள் சிக்னல் பேனலிலும் அப்படித்தான்: வழி அமைத்ததும் அந்த வழி வெள்ளையாக எரியும், வண்டி நிற்கும் பகுதிதான் சிவப்பு. வெளிர் மஞ்சள் என்று முடிவாயிற்று.

நிறத்தை மட்டும் நம்பவும் கூடாது. 1875ல் ஸ்வீடனில் லாகர்லுண்டா என்ற இடத்தில் ஒரு ரயில் விபத்து நடந்தது. ஊழியரின் நிறக்குருடு அதற்குக் காரணமாக இருக்கலாம் என்று கருதிய ஹோல்ம்கிரென் என்ற பேராசிரியர், வர்ணக் கம்பளி நூல்களைப் பிரித்தெடுக்கச் சொல்லிச் சோதிக்கும் முறையைக் கொண்டுவந்தார். வேலைக்குச் சேரும்போது புள்ளிப் புள்ளியான படத்தில் எண்ணைக் கண்டுபிடிக்கச் சொல்லி எங்களைச் சோதித்தது அதற்குப் பின் வந்த முறை. ஐரோப்பிய வம்சத்து ஆண்களில் பன்னிரண்டு பேருக்கு ஒருவருக்கு ஏதோ ஒரு வகையில் சிவப்பு - பச்சைக் குறை உண்டு என்பார்கள். ரயில்வே அவர்களை வடிகட்டிவிடும், தையல் கூடத்து ஆபீஸ் வடிகட்டாது. ஆகவே நிறத்தோடு ஒரு தடித்த பார்டரும், தவறு என்றால் ஒரு வார்த்தையும் இருக்க வேண்டும். பழைய கைகாட்டி மரம் பகலில் கையின் நிலையாலும் இரவில் விளக்கின் நிறத்தாலும் பேசியதை நினைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவதாக, செலக்ட் விஷயம். பழைய கம்ப்யூட்டரைப் போலவே இதிலும் 'கோ டு எண்ட்' வைத்துவிடலாமே என்று அந்தப் பெண்ணே கேட்டாள். "அங்கிள், எனக்கு அதுதான் பழக்கம்" என்றாள். வைக்கவில்லை. நாளை இன்னொரு கம்ப்யூட்டர் வந்தால் மறுபடி இதே கதை. கட்டத்துக்குக் கட்டம் ஃபைலுக்குள்ளேயே சொல்லிவிடுவதுதான் முறை. குறிப்பு எழுதும் கட்டத்தின் 'ஆன் காட் ஃபோகஸ்' நிகழ்ச்சியில், கர்சரைக் கடைசி எழுத்துக்குப் பின்னால் கொண்டுபோய் வை என்று ஒரு வரி எழுதினோம். அதற்கான சொல் 'செல்ஸ்டார்ட்'. முழுதும் செலக்ட் ஆகவேண்டிய கட்டங்களில் 'செல்ஸ்டார்ட்' 0, 'செல்லெங்த்' எழுத்துகளின் நீளம் என்று கொடுக்க வேண்டும். விஷுவல் பேசிக் தெரிந்தவர்களுக்கு இவை பழகியவை. விஷுவல் ஃபாக்ஸ்ப்ரோவில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் பழைய ப்ரோக்ராம் வைத்திருப்பவர்கள் 'செலக்ட் ஆன் என்ட்ரி' என்ற பண்பைத் தேடிப் பார்க்கலாம்.

ஆனால் ரேட் கட்டத்துக்கு இவை எதுவும் உண்மையான மருந்தல்ல. தானாக வரும் எண்ணின் வாலில் மனிதர் ஏன் .50 ஒட்ட வேண்டும்? புனேயில் ப்ரோக்ராம் எழுதும் என் மகன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தபோது ரேட் கட்டத்தைப் பூட்டிவிட்டான். 'லாக்டு' என்பதை எஸ் ஆக்கி, 'டேப் ஸ்டாப்' என்பதை நோ ஆக்கி, பின்னணியைச் சாம்பல் நிறமாக்கினான். என்டர் அடித்துக்கொண்டு போனால் கர்சர் அதைத் தொடாமல் தாண்டிவிடும். 'கூடுதல் தையல்' என்று பக்கத்தில் புதுக் கட்டம், அதில் 0. கூடுதல் இருந்தால் அங்கே .50. முழுதும் செலக்ட் ஆனாலும், பின்னால் ஒட்டினாலும், அங்கே விடை ஐம்பது பைசாதான். முன்னால் நின்று தட்டினாலும் .500 ஆகும், அதுவும் ஐம்பது பைசாவே. ஸ்டேஷனில் ஒரு லைனில் வேலை நடந்தால் அந்த லீவரில் வளையம் ஒன்றை மாட்டிவைப்போம், மறந்துபோய்க் கை போனாலும் இழுக்க முடியாது. பூட்டிய கட்டம் அந்த வளையம்தான்.

வெப் திரைகள் எழுதும் இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. டேப் அடிக்கும்போது கட்டத்தைச் சுற்றி பிரவுசர் தானாகப் போடும் கோட்டை, அழகாக இல்லை என்று 'அவுட்லைன் நன்' என்று எழுதி நீக்கிவிடுகிறீர்கள். அது 'எங்கே' என்று காட்டும் ஒரே விளக்கு. நீக்கினால் வேறொன்று வையுங்கள். 2008ல் வெளியான உலக வெப் அணுகுநெறி இரண்டாம் பதிப்பிலேயே கீபோர்டால் வருகிறவருக்கு நிற்கும் இடம் தெரிய வேண்டும் என்று விதி இருக்கிறது. 2018ல் வந்த திருத்தப் பதிப்பு, கட்டத்தின் எல்லை, அதன் நிலையைக் காட்டும் குறி போன்றவை பக்கத்து நிறத்திலிருந்து 3க்கு 1 என்ற அளவிலாவது வேறுபட்டுத் தெரிய வேண்டும் என்கிறது. வெள்ளைக் கட்டத்துக்கு வெளிர் சாம்பல் கோடு போடுகிறவர்கள் அதை அளந்து பார்க்க வேண்டும். குரோம் பிரவுசர் தானாக நிரப்பிய கட்டத்தை வெளிர் நீலமாகக் காட்டுவதையும் கவனித்திருப்பீர்கள். 'இது நீ தட்டியதல்ல, சரிபார்' என்று அது சொல்கிறது. வர்ணம் பொருந்தவில்லை என்று அதை மறைத்துவிடும் திரைகளையும் பார்த்திருக்கிறேன், எனக்கு உடன்பாடில்லை.

அந்தப் பெண்ணின் விஷயம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். பார்ட்டி பாதிப் பணத்துக்குச் சம்மதித்தார், மீதி வரவில்லை. சம்பளத்தில் பிடிப்பது அந்த ஒரு மாதத்தோடு நின்றது. பிடித்த இரண்டாயிரத்தை முதலாளி தீபாவளியன்று போனஸ் கவரில் சேர்த்து வைத்துக் கொடுத்தார். திருப்பித் தருகிறேன் என்று சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. இந்த வருஷம் அவள் கல்யாணில் வேறு ஆபீசுக்கு மாறியிருக்கிறாள். அங்கே முதல் நாள் வேலைக்கு உட்கார்ந்ததும், மாதிரிக்கு ஒரு ரெக்கார்டு திறந்து, ஒரு கட்டத்தில் 38 போட்டு வெளியே வந்து, டேப் கீயால் மறுபடி உள்ளே போய் 52 தட்டிப் பார்த்தாளாம். பிறகு எஸ்கேப் இரண்டு முறை.